துருப்பிடித்த பழைய சைக்கிளை எடைக்குப் போடப்போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்... வீட்டிலேயே மீட்கலாம்!

"பழைய இரும்பு, பழைய சைக்கிள், ஈயம், பித்தளை..." என்று தெருவில் குரல் கேட்டதும், பல வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து கிடக்கும் அந்த சைக்கிள்தான். அப்பா வேலைக்குப் போன சைக்கிளாக இருக்கும். அல்லது அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளாக இருக்கும். வீட்டுக்கு பைக் வந்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

தேனியை ஒட்டியிருக்கும் பழனிசெட்டிபட்டி போன்ற ஊர்களில் இப்படி ஓரங்கட்டப்பட்ட சைக்கிள்களுக்குக் கூடுதல் சோதனை. ஒரு பக்கம் முல்லைப் பெரியாறு, சுற்றிலும் தோப்பும் வயலும். தென்மேற்குப் பருவத்தில் மலையிலிருந்து சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று கம்பம் பள்ளத்தாக்கில் ஈரம் வருவதற்கு இரண்டு வாசல். தகரக் கொட்டகையில் நிறுத்திய சைக்கிள் இரண்டு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டால் ஹேண்டில்பார், ரிம், பெடல் எல்லாம் செங்காவி நிறத்துக்கு மாறிவிடும்.

பழைய பெரிய சைக்கிள் ஒன்றின் எடை சுமார் 20 கிலோ. எடைக்குப் போட்டால் கிடைப்பது சில நூறு ரூபாய்தான். ஆனால், அந்தத் துருவில் பெரும்பகுதி மேலோட்டமானது. சமையலறையில் இருக்கும் பொருள்களை வைத்தே எடுத்துவிடலாம். அதே சமயம், சில இடங்களில் வரும் துரு உயிருக்கே உலை வைக்கும். எதை மீட்கலாம், எதைத் தொடவே கூடாது? முழுசாகப் பார்த்துவிடலாம்.

பழைய சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

முதல் காரணம், உதிரிபாகம். பெரிய சைக்கிள் என்று நாம் சொல்லும் கறுப்பு 'ரோட்ஸ்டர்' சைக்கிளின் வடிவம் பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவே இல்லை. சென்னை அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-ல் தொடங்கிய அட்லஸ், 1956-ல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ என எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் பால்ரஸ் குண்டு, கோன், காட்டர் பின், செயின் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால் 40 வருடத்துக்கு முந்தைய சைக்கிளுக்கும் இன்றைக்குப் பாகம் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம், இந்த வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. அட்லஸின் சாஹிபாபாத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது 2020 ஜூன் 3-ம் தேதி. அன்றைக்குத்தான் உலக சைக்கிள் தினம். ஐ.நா. சபை 2018-ல் அறிவித்த தினம் அது.

மூன்றாவது காரணம், தமிழ்நாட்டில் சைக்கிள் என்பது வெறும் வண்டி கிடையாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னெடுத்த முயற்சியில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பி வாங்கிய பெண்களும் உண்டு. அதற்குப் பிறகு வந்த விலையில்லா சைக்கிள் திட்டம், பேருந்து வராத ஊர்ப் பிள்ளைகளையும் மேல்நிலைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிளஸ் டூ முடிந்த கையோடு அந்த சைக்கிளுக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் வருத்தம். தம்பியோ தங்கையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இன்னும் பல வருடம் ஓட்டக்கூடிய வண்டி அது.

துரு எப்படி வருகிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. மூன்றில் ஒன்றைத் தடுத்துவிட்டால் துரு வராது. பெயின்ட், குரோம் பூச்சு, எண்ணெய், கிரீஸ் எல்லாமே தண்ணீரையும் காற்றையும் இரும்பின் மேல் படாமல் தடுக்கும் போர்வைகள்தான்.

அலுமினியத்திலும் மேற்பரப்பில் ஆக்சைடு படிகிறது. ஆனால், அது ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றும். இரும்புத் துரு அப்படி இல்லை. அது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு உப்பும், பொருக்குப் பொருக்காக உதிரும், அடியில் புது இரும்பைக் காற்றுக்குக் காட்டும். பெயின்ட் கொப்பளம் போல எழும்பியிருந்தால் அதற்கு அடியில் துரு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உப்பு இருந்தால் வேகம் இன்னும் கூடும். வியர்வை படும் ஹேண்டில்பார் முதலில் துருப்பிடிப்பது இதனால்தான். உர மூட்டை பக்கத்தில் சைக்கிளை நிறுத்துவதும் தவறு. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. அந்தக் குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரித்துத் தள்ளிவிடும்.

பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கும். திராட்சைக்கு அடிக்கும் போர்டோ கலவையில் சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க, பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் நனைப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. மயில்துத்தக் கரைசல் இரும்பைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் செம்பைப் படியவைக்கிறது. செம்பு படிந்த இடத்தைச் சுற்றி இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். மருந்து கலக்கும் இடத்தில் சைக்கிளை நிறுத்தாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

முதலில் சோதனை... அப்புறம்தான் சுத்தம்!

துருவை எடுப்பதற்கு முன், அந்த சைக்கிள் மறுபடி ஓட்டத் தகுதியானதா என்று பாருங்கள். இந்த ஒரு பத்து நிமிடத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.

* ஃபோர்க்: முன் சக்கரத்தைத் தாங்கும் கவைக்கம்பி. இதன் மேல்முனையிலும் வளைவிலும் துரு ஆழமாக இருக்கிறதா? ஓடும்போது ஃபோர்க் முறிந்தால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார்.
* ஃபிரேம் இணைப்புகள்: பெடல் சுற்றும் இடத்துக்கு அடியில், சீட் குழாய்க்குள் இறங்கும் தண்ணீர் தேங்கும். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் ஃபிரேமின் ஆயுள் முடிந்தது.
* ரிம்: கம்பி பிரேக் வண்டிகளில் பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் உரசும். அந்த இடம் தகடு மாதிரி தேய்ந்து, துருப்பிடித்து, ஓட்டை விழுந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.
* ஹேண்டில் தண்டு, சீட் தண்டு: பாதி உள்ளே மறைந்திருக்கும். வெளியே எடுத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

நகத்தால் சுரண்டினால் பொடியாக வருவது மேலோட்டத் துரு. தேய்த்த பிறகும் குழிக்குழியாகத் தெரிவது ஆழமான துரு. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி போன்றவற்றில் குழி விழுந்திருந்தாலும் பரவாயில்லை. ஃபோர்க்கிலும் ஃபிரேம் இணைப்பிலும் குழி விழுந்திருந்தால் அனுபவமுள்ள சைக்கிள் கடைக்காரரிடம் காட்டுங்கள். பளபளவென்று தேய்த்துவிட்டதால் மட்டும் அரித்துப்போன இரும்புக்கு பலம் திரும்ப வந்துவிடாது. குறிப்பாக, அதைப் பிள்ளைகள் ஓட்டப்போகிறார்கள் என்றால் இந்த விஷயத்தில் கருமித்தனம் வேண்டாம்.

கழற்றும்போது கவனிக்க

கையில் இருக்கும் செல்போன்தான் இங்கே பெரிய உதவி. ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்பும் ஒரு போட்டோ. நட்டு, வாஷர் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே பழைய முட்டை அட்டையின் குழிகளில் போட்டுவையுங்கள். திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

இறுகிப்போன நட்டைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய் ஸ்ப்ரே ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ராத்திரி அடித்துவிட்டு, காலையில் ஸ்பேனர் போடுங்கள்.

பலரும் தடுமாறும் இடம் பெடல். வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகக் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலஞ்சுழியாகச் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் முழு பலத்தையும் போட்டு இறுக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

காட்டர் பின், பிரீவீல், பெடல் அச்சின் கப் ஆகிய மூன்றையும் வீட்டில் கழற்ற முயற்சி செய்ய வேண்டாம். அதற்கான கருவியும் கைப்பழக்கமும் கடையில் இருக்கிறது.

முறை 1: பளபளப்பான பாகங்களுக்கு அலுமினியத் தாள்

ஹேண்டில்பார், ரிம், மணி, கிராங்க் போன்ற குரோம் பூச்சுள்ள பாகங்களுக்கு இதுதான் எளிது. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் போதும்.

1. சோப்புத் தண்ணீரில் அழுக்கைக் கழுவித் துடையுங்கள்.
2. தாளை உள்ளங்கை அளவு கிழித்துக் கசக்குங்கள்.
3. தண்ணீரில் நனைத்து, துரு இருக்கும் இடத்தில் மெதுவாகத் தேயுங்கள். கரும்பழுப்பாக ஒரு குழம்பு வரும். அதுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.
4. பழைய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால் புதுத் தாள் எடுத்து மறுபடியும்.

அலுமினியம் குரோமைவிட மென்மையானது. அதனால் துருவைத் தேய்த்து எடுக்கும், ஆனால் குரோமில் கீறல் போடாது. பாத்திரம் தேய்க்கும் முரட்டுக் கம்பி நார் அப்படியல்ல, பளபளப்பையே காலி பண்ணிவிடும்.

ஒரு விஷயத்தை எதிர்பார்க்காதீர்கள். குரோம் உரிந்துபோன இடத்தில் அது திரும்ப வராது. துரு போன பிறகு சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் நிற்கும். அதன் மேல் மெழுகு பூசிக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

முறை 2: சின்னப் பாகங்களுக்குப் புளிப்பு வைத்தியம்

பித்தளைக் குடத்தைப் பாட்டி எதை வைத்து விளக்கினார்? புளி. அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கும். இரும்புத் துருவுக்கும் அதே தத்துவம்தான். ஆனால் புளியைவிட வினிகரும் எலுமிச்சை உப்பும் வசதி. எலுமிச்சை உப்பு என்றால் சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும்.

நட்டு, போல்ட்டு, வாஷர், பிரேக் கம்பிகள், ஸ்டாண்டு கொக்கி போன்ற பூச்சு இல்லாத சின்ன இரும்புப் பாகங்களுக்கு இது சரியான முறை.

1. எண்ணெய்ப் பிசுக்கை முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் போக்குங்கள். பிசுக்கு இருந்தால் அமிலம் உள்ளே இறங்காது.
2. பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு போட்டுக் கரையுங்கள். வினிகர் என்றால் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம்.
3. பாகங்கள் முழுக்க மூழ்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டது போல அரிக்கும்.
4. எலுமிச்சை உப்பு என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வினிகர் என்றால் ஓர் இரவு. மறந்துபோய் நாள்கணக்கில் விட்டால், துரு தீர்ந்த பிறகு நல்ல இரும்பையும் அமிலம் தின்னத் தொடங்கும்.
5. எடுத்ததும் தண்ணீரில் அலசி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்த கரைசலில் ஐந்து, பத்து நிமிடம் போடுங்கள். மிச்சமிருக்கும் அமிலத்தை இது முறித்துவிடும்.
6. மறுபடி அலசி, உடனே துடைத்து, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள்.

கடைசியில் சொன்ன 'உடனே' முக்கியம். அமிலத்திலிருந்து வெளியே வந்த இரும்புக்கு மேல் எந்தப் போர்வையும் இருக்காது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் மஞ்சள் பூத்தது போலப் புதுத் துரு வந்துவிடும்.

அமிலத்தில் போடவே கூடாதவை: செயின், ஸ்பிரிங், பால்ரஸ் குண்டு, பெயின்ட் அடித்த பாகம், அலுமினியப் பாகம், துத்தநாகப் பூச்சுள்ள பாகம். குரோம் பாகங்களையும் ஊறவைக்க வேண்டாம், விளிம்பு வழியே அமிலம் இறங்கிப் பூச்சைத் தூக்கிவிடும். கடினப்படுத்திய எஃகு அமிலத்தில் ஊறும்போது உண்டாகும் ஹைட்ரஜன், உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். அதனால்தான் செயினையும் ஸ்பிரிங்கையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவியும் கணுக்கள் மடங்காத செயினைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

முறை 3: ஃபிரேம், மட்கார்டுக்கு உப்புத்தாளும் பிரைமரும்

ஃபிரேமில் துரு இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் போதும். நல்ல பெயின்ட்டை எதற்குச் சுரண்ட வேண்டும்? கம்பெனியில் போட்ட தங்கநிறக் கோடும், முன்பக்க முத்திரைத் தகடும் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது.

முதலில் 120 எண் உப்புத்தாள், பிறகு 240, கடைசியில் 400. துரு நின்ற இடத்தைச் சுற்றி நல்ல பெயின்ட்டின் விளிம்பும் சரிவாக வரும்வரை தேயுங்கள். தூசியைத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, ஜன்னல் கம்பிக்கு அடிப்போமே, அதே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். காய்ந்ததும் எனாமல் பெயின்ட் இரண்டு மெல்லிய கோட்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பெயின்ட்களில் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், தூசி பறக்காது. அதற்கென விற்கும் தண்ணீர்த் தாள் கிடைக்கும். முகக்கவசம் போடுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். வழித்த கழிவைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள், வாசலில் கூட்டித் தள்ளாதீர்கள்.

முறை 4: கடுக்காய்... நம்ம ஊர் ரஸ்ட் கன்வர்ட்டர்

கடைகளில் 'ரஸ்ட் கன்வர்ட்டர்' என்று ஒரு திரவம் விற்கிறார்கள். இது துருவை நீக்காது, மாற்றும். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானின் என்ற துவர்ப்புப் பொருளோ இருக்கும். டானின் துருவோடு சேர்ந்ததும் கருநீலமான ஒரு படலமாக மாறி ஒட்டிக்கொள்ளும்.

இந்த டானின் கடுக்காயில் ஏராளம். கலம்காரித் துணியில் கறுப்பு நிறம் எப்படி வருகிறது தெரியுமா? துணியைக் கடுக்காய் நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த நீரால் அதில் வரைவார்கள். இரும்பும் கடுக்காயும் சந்திக்கும் இடம் கறுப்பாகும். அதே வேதியியல்தான் இங்கேயும்.

மட்கார்டின் உள்பக்கம், கேரியரின் அடிப்பக்கம் போன்ற வெளியே தெரியாத, மேலோட்டத் துரு உள்ள இடங்களில் முயற்சி செய்யலாம். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, கெட்டியாகக் கஷாயம் வைத்து, வடிகட்டி ஆறவைத்து, பொருக்கைத் தேய்த்து எடுத்த இடத்தில் பிரஷ்ஷால் பூசுங்கள். காயும்போது கறுக்கும். இரண்டு மூன்று தடவை பூசிக் காய்ந்த பிறகு மேலே பிரைமரும் பெயின்ட்டும் கட்டாயம். கடையில் விற்கும் திரவத்தின் தரம் இதற்கு வராது, ஆனால் செலவும் ஆபத்தும் குறைவு. கையில் பட்டால் கறை போக சில நாள்கள் ஆகும், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் துரு எடுக்கலாமா?

சலவை சோடா கரைத்த தண்ணீரில் பாகத்தைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை அதில் இணைத்து, பாசிட்டிவ் முனையை ஒரு பழைய இரும்புத் துண்டில் இணைத்தால் துரு கழன்றுவிடும். வீடியோக்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முறை சரிதான், ஆனால் வீட்டுக்குள் செய்யும் வேலை இல்லை. எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். இரும்புத் துண்டுக்குப் பதிலாக எவர்சில்வரை வைத்தால் நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். சலவை சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். மின் வேலை தெரியாதவர்கள் இதைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

* டாய்லெட் ஆசிட்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவை நொடியில் எடுக்கும், கூடவே இரும்பையும். அதன் புகை பட்டாலே பக்கத்தில் இருக்கும் கத்தி, பூட்டு எல்லாம் துருப்பிடிக்கும். அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். பாத்ரூமில் வைத்து சைக்கிள் பாகம் கழுவும்போது இந்த விபத்துக்கு வாய்ப்பு அதிகம்.
* பெட்ரோலில் கழுவுவது: பக்கத்து அறை விளக்கு வரைக்கும் ஆவி பரவும். ஒரு பொறி போதும்.
* தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய்: செயினுக்கு விட்டால் முதல் வாரம் வழுக்கும், அப்புறம் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் ஆயில் போதும்.
* ஆற்றில் கழுவுவது: டீசல், கிரீஸ் கழிவு முல்லைப் பெரியாற்றில் கலந்தால், கீழே அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் வயலுக்கும் வாய்க்கும்தான் போகும்.

எந்தப் பாகத்துக்கு எந்த வைத்தியம்?

* ஹேண்டில்பார், ரிம், மணி – அலுமினியத் தாளும் தண்ணீரும், பிறகு மெழுகு
* நட்டு, போல்ட்டு, பிரேக் கம்பி – எலுமிச்சை உப்பு அல்லது வினிகர், பிறகு எண்ணெய்
* ஃபிரேம், மட்கார்டு மேல்பக்கம் – உப்புத்தாள், பிரைமர், பெயின்ட்
* மட்கார்டு உள்பக்கம், கேரியர் – கடுக்காய் அல்லது கன்வர்ட்டர், பிறகு பெயின்ட்
* போக்ஸ் கம்பி – லேசான துரு என்றால் மென்மையான நார், இல்லையென்றால் மாற்றம்
* செயின், பால்ரஸ் குண்டு, பிரேக் கட்டை – புதிது வாங்கவும்
* ஃபோர்க், ஃபிரேம் இணைப்பில் ஆழமான குழி – ஓட்ட வேண்டாம்

திரும்ப மாட்டும்போது...

துரு எடுத்த சைக்கிளுக்கு ஓர் 'ஓவராயில்' அவசியம். பழைய கிரீஸ் முழுக்க மண்ணாகியிருக்கும். குண்டுகளைக் கழற்றும்போதே எண்ணிவையுங்கள். பெரிய சைக்கிளில் வழக்கமாக முன் சக்கரத்தில் 3/16 அங்குலக் குண்டு பக்கத்துக்கு 10, பின் சக்கரத்தில் 1/4 அங்குலக் குண்டு பக்கத்துக்கு 9. குண்டுகளின் விலை சொற்பம்தான், அதனால் புதிதாகவே போடுங்கள். கோனை இறுக்கும்போது சக்கரம் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது.

சீட் தண்டு, ஹேண்டில் தண்டு, பெடல் மரை மூன்றிலும் லேசாக கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த தடவை கழற்றச் சிரமம் இருக்காது. சக்கரத்தில் கோட்டம் எடுப்பதைக் கடையில் விடுங்கள். ஒரு போக்ஸை இறுக்கினால் எதிர்ப்பக்கம் இழுக்கும் அந்தக் கணக்கு, கைப்பழக்கத்தில் வருவது.

மொத்தமாக எவ்வளவு நேரம் ஆகும்? பெயின்ட் காயும் நேரத்தோடு சேர்த்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்கு வினிகரில் நட்டு ஊறுவதையும் கடுக்காய் கறுப்பதையும் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் 'அமிலம், காரம், ஆக்சைடு' கண்முன்னே நடக்கும்.

மழைக்காலத்துக்கு முன்...

* மழையில் நனைந்து வந்தால் செயினையும் ரிம்மையும் துடைத்துவிட்டு, செயினுக்கு இரண்டு மூன்று சொட்டு எண்ணெய்.
* மாதம் ஒருமுறை சீட்டை உருவிவிட்டு வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் வடியும்.
* குரோம் பாகங்களில் கார் மெழுகு தடவிவைத்தால் அடுத்த சாரல் வரை கவலை இல்லை.
* உர மூட்டை, மருந்துக் கேன், ஆசிட் பாட்டில் இருக்கும் அறையில் நிறுத்த வேண்டாம். ஈர மண்ணிலும் வேண்டாம், ஸ்டாண்டு போட்டுச் சிமென்ட் தரையில் நிறுத்துங்கள்.

எல்லாம் முடிந்து வண்டி பளிச்சென்று நின்றதும் பிள்ளைகள் உடனே ஏறத்தான் பார்ப்பார்கள். முதலில் பெரியவர் ஒருவர் ஓட்டட்டும். தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்து, ஹேண்டில் ஆடவில்லை என்று உறுதிசெய்து, திரும்ப வந்து எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். பேருந்தும் லாரியும் ஓயாத கம்பம் சாலைக்கு அப்புறம் போகலாம்.